“ஐ”யா “மீ”யா, “ஹூ”வா “ஹூம்”மா: ப்ரோனவுன் கேள்விகளில் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி?

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். ஒரு தப்பு விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். இதில் ப்ரோனவுனை, அதாவது நான், அவன், யார் போலப் பெயருக்குப் பதிலாக வரும் சொல்லை, வைத்து வரும் கேள்விகள் கொஞ்சம்தான். ஆனால் அவை ஒரே ஏழெட்டு அச்சில் திரும்பத் திரும்ப வார்க்கப்படுபவை. அச்சு தெரிந்தவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். தெரியாதவர் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைக் குறித்துவிட்டு வருகிறார்.

விதிகளை ஒன்று, இரண்டு என்று மனப்பாடம் செய்தவர்களும் தேர்வறையில் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். வாக்கியத்தைப் பார்த்ததும் எந்த விதியை எடுப்பது என்று தெரியாததுதான் காரணம். அதனால் இங்கே தடுமாற்றத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தடுமாற்றம் எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பாதிப் பிழை காதிலேயே பிடிபடும்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களிடம் நல்ல முதல் இருக்கிறது. “ஐ” எழுவாயாக வரும், “மீ” வேற்றுமை ஏற்று வரும் என்பதைத்தான் இந்தக் கேள்விகளில் பாதி சோதிக்கின்றன. நான், என்னை, எனக்கு, என்னால் என்று வேற்றுமையோடு வளர்ந்தவர்கள் நாம். “நானை அடிச்சான்” என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. அந்தக் காதை அப்படியே பயன்படுத்தலாம். மூன்று நான்கு இடங்களில் மட்டும் அதே காது நம்மை ஏமாற்றும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தடுமாற்றம்: இரண்டு பேர் சேர்ந்து வந்தால் “ஐ”யா “மீ”யா என்று தெரியவில்லை

“மை ஃபாதர் பாட் டிக்கெட்ஸ் ஃபார் மை பிரதர் அண்ட் ஐ.” கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் தப்பு. கூட இருக்கும் ஆளை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். “மை ஃபாதர் பாட் டிக்கெட்ஸ் ஃபார் ஐ.” இப்போது காதே உதறிவிடும். “ஃபார் மீ”தான் சரி, அதனால் “ஃபார் மை பிரதர் அண்ட் மீ”.

“பிட்வீன் யூ அண்ட் ஐ” வந்தால் மறைக்க முடியாது, ஏனென்றால் “பிட்வீன்” என்றாலே இரண்டு பேர் வேண்டும். அங்கே தமிழில் சொல்லிப் பாருங்கள்: உனக்கும் எனக்கும் இடையில். “உனக்கும் நானுக்கும்” என்று யாரும் சொல்வதில்லை. வேற்றுமை ஏறிவிட்டது, ஆகவே “மீ”. ஃபார், டு, பிட்வீன் போன்ற எந்த ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வந்தாலும் இதே கதைதான். “எவ்ரிபடி பட் ஹி” என்று வந்தால், அவனைத் தவிர எல்லாரும் என்று பொருள், எனவே “ஹிம்”. “லெட்” வந்தாலும் அப்படியே: “லெட் யூ அண்ட் மீ டூ இட்.”

இதற்கு நேர் எதிரான அச்சும் உண்டு. “இட் வாஸ் ஹிம் ஹூ ப்ரோக் தி வின்டோ.” பேச்சில் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், “இட் இஸ் மீ” என்பதும் சாதாரணம். ஆனால் எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகள் நடந்து வருவது பழைய பள்ளி இலக்கணத்தின் வழியில். “பி” வினைக்குப் (இஸ், ஆம், வாஸ்) பிறகு எழுவாய் வடிவம்தான் வேண்டும் என்று அது சொல்லும். உடைத்தது அவன், அதனால் “ஹி”. இதே அச்சில் இன்னொரு கண்ணி: “இட் இஸ் ஐ ஹூ இஸ் டு ப்ளேம்” என்று வந்தால் “ஹூ” யாரைச் சுட்டுகிறதோ அவருக்கேற்ற வினைதான் வர வேண்டும். சுட்டுவது “ஐ”யை. ஆகவே “ஐ ஹூ ஆம்”.

தடுமாற்றம்: “தேன்”, “ஆஸ்” வந்தால் எப்போதும் “மீ” என்றே கை போகிறது

இது தமிழ்க் காது ஏமாற்றும் முதல் இடம். “அவன் என்னைவிட உயரம்” என்கிறோம். “விட” வந்தாலே முன்னால் “என்னை”தான். அந்தப் பழக்கத்தில் “ஹி இஸ் டாலர் தேன் மீ” சரியாகத் தோன்றுகிறது. பேச்சு ஆங்கிலத்தில் அது புழங்கவும் செய்கிறது. தேர்வில் அது பிழைக் கணக்கில் போகும். பாதியில் நின்றுபோன வாக்கியத்தை முடித்துவிடுங்கள். “ஹி இஸ் டாலர் தேன் ஐ ஆம்.” “ஆம்” என்ற வினைக்கு எழுவாய் வேண்டும், அதனால் “ஐ”.

முடித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், சில வாக்கியங்களில் இரண்டுமே சரி, பொருள்தான் வேறு. “ஷி லைக்ஸ் யூ மோர் தேன் ஐ” என்றால், நான் உன்னை விரும்புவதைவிட அவள் அதிகம் விரும்புகிறாள். “ஷி லைக்ஸ் யூ மோர் தேன் மீ” என்றால், என்னை விரும்புவதைவிட உன்னை அதிகம் விரும்புகிறாள். பொருளைப் பார்க்காமல் “தேனுக்குப் பின்னால் ஐ” என்று குருட்டுப்பாடமாக வைத்திருப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

தடுமாற்றம்: ஒப்பிடும் வாக்கியம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் விடைக்குறிப்பு பிழை என்கிறது

“தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை.” தமிழில் “ஊட்டியின் தட்பவெப்பம் சென்னையைவிடக் குளிர்ச்சி” என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கிலத் தேர்வு ஒத்துக்கொள்ளாது. தட்பவெப்பத்தை ஊரோடு ஒப்பிட்டுவிட்டீர்கள் என்று சொல்லும். “தேன் தட் ஆஃப் சென்னை” என்று வர வேண்டும். பன்மையானால் “தோஸ் ஆஃப்”: “தி லீவ்ஸ் ஆஃப் தி பனானா ட்ரீ ஆர் பிராடர் தேன் தோஸ் ஆஃப் தி மேங்கோ ட்ரீ.”

“தேன்” என்ற சொல்லைக் கண்டதும் இரண்டு பக்கமும் ஒரே வகைப் பொருள்தானா என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும். தமிழ்க் காது எந்த எச்சரிக்கையும் தராத இடம் என்பதால் இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

தடுமாற்றம்: “ஹூ”வும் “ஹூம்”மும் ஒன்றாகவே தெரிகின்றன

அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான். பயப்படத் தேவையில்லை. நம் மொழியில் இந்த வேறுபாடு ஒவ்வொரு நாளும் வாயில் புரள்கிறது. யார் என்றால் “ஹூ”. யாரை, யாரிடம், யாரோடு என்றால் “ஹூம்”. யாருடைய என்றால் “ஹூஸ்”. “ஹூ டிட் யூ மீட்?” என்ற கேள்வியைத் தமிழில் கேளுங்கள்: யாரைச் சந்தித்தாய்? யாரை என்று வந்துவிட்டது, தேர்வுக்கு “ஹூம்”.

ஒரு இடத்தில் மட்டும் இந்த வழி காலை வாரும். “யாருக்குத் தெரியும்?” என்கிறோம். “யாருக்கு” வந்ததால் “ஹூம்” என்று எழுதிவிடாதீர்கள். தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும் போன்ற வினைகளோடு தமிழில் ஆள் “கு” உருபோடு வருவார். ஆங்கிலத்தில் அதே ஆள் எழுவாயாக நிற்பார். “ஹூ நோஸ்?”, “ஹூ வான்ட்ஸ் டீ?” இப்படிப்பட்ட வினைகளை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி இடங்களில் பெரும்பாலும் தமிழ் உங்களுக்குத் துணை.

கேள்வியாக இல்லாமல் வாக்கியத்தின் நடுவில் வரும்போது சிரமம் கூடும். காரணம், தமிழில் இப்படி ஒரு இணைப்புச் சொல்லே கிடையாது. “நேற்று வந்த பையன்”, “நேற்று நான் பார்த்த பையன்” என்று பெயரெச்சத்தால் முடித்துவிடுகிறோம். “வந்த”, “பார்த்த” இரண்டும் ஒரே வடிவம். ஆங்கிலத்திலோ முதலாவது “ஹூ கேம்”, இரண்டாவது “ஹூம் ஐ சா”. அதனால் அந்தத் துண்டைத் தனியாக வெட்டியெடுத்து ஒரு முழு வாக்கியமாக்குங்கள். பையன் வந்தான்: எழுவாய், “ஹூ”. பையனை நான் பார்த்தேன்: “ஹூம்”.

தேர்வு வைப்பவர்களுக்கு மிகப் பிடித்த அச்சு இது: “ஹி இஸ் தி மேன் ஹூம் ஐ திங்க் ஸ்டோல் தி பைக்.” “ஐ” பக்கத்திலேயே நிற்பதால் “ஹூம்” சரி போலத் தெரியும். “ஐ திங்க்” இரண்டு சொல்லையும் அடித்துவிடுங்கள். “ஸ்டோல்” எழுவாய் இல்லாமல் தவிக்கும். திருடியது யார்? அவன். ஆகவே “ஹூ ஐ திங்க் ஸ்டோல்”. ஐ பிலீவ், ஷி சேஸ், வீ நோ என்று என்ன நுழைத்திருந்தாலும் இதே வைத்தியம்தான்.

ஆனால் அடித்துப் பார்த்தபின் வினை “டு”வோடு நின்றால் கவனம். “தி மேன் ஹூம் ஐ தாட் டு பி ஹானஸ்ட்” சரியான வாக்கியம். “ஐ தாட் ஹிம் டு பி ஹானஸ்ட்”, அவனை நேர்மையானவன் என்று நினைத்தேன். அவனை வந்துவிட்டது.

“ஹூஎவர்”, “ஹூம்எவர்” ஜோடியில் இன்னொரு தூண்டில் உண்டு. “கிவ் இட் டு ஹூம்எவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்.” முன்னால் “டு” இருக்கிறது, ப்ரிபொசிஷன், ஆகவே “ஹூம்எவர்” என்று தோன்றும். தமிழில் இது பளிச்சென்று தெளியும்: யார் முதலில் வருகிறாரோ அவரிடம் கொடு. தமிழில் “யார்”, “அவரிடம்” என்று இரண்டு சொல் இருக்கிறது. ஆங்கிலச் சொல் குறிப்பது “யார்” என்ற சொல்லை, “அவரிடம்” ஒளிந்துகொண்டது. எனவே “ஹூஎவர்”.

தடுமாற்றம்: எவ்ரி, ஈச், நைதர் வந்தால் “ஹிஸ்”ஸா “தேர்”ரா

பழைய இலக்கணத்தின்படி எவ்ரி, ஈச், எவ்ரிஒன், ஐதர், நைதர் எல்லாம் ஒருமை. “ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹாஸ் டன் ஹிஸ் ஒர்க்.” நடுவில் “பாய்ஸ்” என்று பன்மை நின்று ஆசை காட்டும். தலைவர் “ஈச்”தான்.

நமக்கு இங்கே உறுத்தாததற்குக் காரணம் உண்டு. “ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தை எடுங்கள்” என்று தமிழிலும் பன்மையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலத்திலும் நடப்பு வழக்கு அந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஒருமைக்கு “தே” பயன்படுத்துவதை இன்றைய நடைக் கையேடுகள் பல ஏற்றுக்கொண்டுவிட்டன. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே “தே”யைத்தான். அப்படியானால் தேர்வில் என்ன செய்வது? என் யோசனை இது: “எவ்ரிஒன்... தேர்” வந்தால் உடனே அதைக் குறிக்காதீர்கள். வாக்கியத்தின் மற்ற பகுதிகளை முதலில் பாருங்கள். வேறு இடத்தில் சந்தேகமே இல்லாத பிழை இருந்தால் அதுதான் விடை. மற்ற எல்லாம் சுத்தமாக இருந்தால் “தேர்” பக்கம் வாருங்கள்.

“ஒன்” தனி வகை. “ஒன் ஷுட் டூ ஹிஸ் ட்யூட்டி” என்பது அமெரிக்க நடையில் செல்லும். இந்தியத் தேர்வுகள் பிரிட்டிஷ் மரபில் நடப்பதால் “ஒன்” என்று தொடங்கினால் “ஒன்ஸ்” என்றே முடிக்க வேண்டும்.

இரண்டு பெயர்கள் “ஆர்”, “நார்” கொண்டு இணைந்தால் பின்னால் வருகிற பெயரைப் பாருங்கள்: “நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் ப்ராட் தேர் புக்ஸ்.” “அலாங் வித்”, “ஆஸ் வெல் ஆஸ்” கொண்டு இணைந்தால் முன்னால் வருகிற பெயர்தான் கணக்கு. “ஜூரி”, “கமிட்டி” ஒரே மனதாக முடிவெடுத்தால் “இட்ஸ்”, உறுப்பினர்கள் பிரிந்து நின்றால் “தேர்”. “தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்” என்று ஒரே ஒரு “தி” இருந்தால் இரண்டு பதவியும் ஒரே ஆளிடம், ஆகவே ஒருமை. இரண்டு “தி” இருந்தால் இரண்டு ஆள். இந்த ஒற்றைச் சொல்லைக் கவனிக்காமல் போன மதிப்பெண்கள் நிறைய.

தடுமாற்றம்: “செல்ஃப்” எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

“மைசெல்ஃப் ரமேஷ்” என்று அறிமுகம் செய்துகொள்வது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். “ரமேஷ் அண்ட் மைசெல்ஃப் வென்ட் டு தி பேங்க்” என்ற கேள்வியும் அதிலிருந்து பிறந்ததுதான். “செல்ஃப்” தனியாக எழுவாயாக நிற்காது. “ரமேஷ் அண்ட் ஐ”.

மறுபக்கம், சில வினைகளுக்கு அது இல்லாமல் முடியாது. “ஐ அவைல்ட் ஆஃப் தி ஆஃபர்” பிழை, “ஐ அவைல்ட் மைசெல்ஃப் ஆஃப் தி ஆஃபர்” சரி. “ஷி அப்சென்டட் ஃப்ரம் கிளாஸ்” பிழை, “அப்சென்டட் ஹர்செல்ஃப்” சரி. “வீ என்ஜாய்ட் அட் தி பார்ட்டி” என்று நாம் சொல்லாத நாளில்லை. எதை என்ஜாய் செய்தீர்கள் என்று சொல்லாவிட்டால் “அவர்செல்வ்ஸ்” கட்டாயம். அவைல், அப்சென்ட், என்ஜாய், ப்ரைட், இந்த நான்கும் கேள்வித்தாளில் அடிக்கடி தலைகாட்டுபவை. கீப், ஸ்டாப், ரெஸ்ட், ஹைட், குவாலிஃபை போன்றவற்றுக்குத் தேர்வு வழக்கில் “செல்ஃப்” தேவையில்லை: “ஹி ஹிட் பிஹைண்ட் தி டோர்.”

தடுமாற்றம்: அபாஸ்ட்ரஃபி போட்ட “இட்ஸ்”ஸா, போடாத “இட்ஸ்”ஸா

காதால் பிடிக்கவே முடியாத இன்னொரு பிழை இது, அதனால் கண்ணால் பாருங்கள். அந்த இடத்தில் “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்று விரித்துப் படித்தால் பொருள் வருகிறதா? வந்தால் அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேலே போடும் சிறு கொக்கி, உண்டு. வராவிட்டால் இல்லை. “தி டாக் வேக்ட் இட்ஸ் டெயில்” வாக்கியத்தில் “இட் இஸ் டெயில்” என்றால் உளறல். “ஹூஸ்” இரண்டுக்கும் இதே சோதனை. யுவர்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எதற்கும் எப்போதும் அபாஸ்ட்ரஃபி கிடையாது.

தடுமாற்றம்: யாரை முதலில் சொல்வது

எல்லாம் ஒருமையாக இருந்தால் “யூ, ஹி அண்ட் ஐ”. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்கியமானால் “ஐ” முதலில். பன்மையானால் “வீ, யூ அண்ட் தே”. இது மரியாதை மரபுதான். கேள்வி வரும் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

தடுமாற்றம்: “ஹி” யாரைச் சுட்டுகிறது என்று தெரியவில்லை

“ராம் டோல்ட் ஷ்யாம் தட் ஹி ஹேட் பாஸ்ட்.” தேறியது ராமா, ஷ்யாமா? தமிழில் “தான் தேறிவிட்டதாக ராம் ஷ்யாமிடம் சொன்னான்” என்று ஒரு “தான்” போட்டால் முடிந்தது. ஆங்கிலத்தில் அந்தத் “தான்” இல்லை. அதனால் இப்படிப்பட்ட கேள்வியில் பெயரையே திரும்பச் சொல்லும் விருப்பம் சரியான விடையாக இருக்கும்.

மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜி-மேட் தேர்வு இதை வைத்துத்தான் பல ஆண்டு விளையாடியது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய கேள்விகள் இன்றும் பயிற்சிக்குக் கிடைக்கின்றன, இந்தக் கண்ணைக் கூர்மையாக்க அவை நல்லவை. “இட்”, “தே”, “திஸ்” எதைக் கண்டாலும் அது சுட்டும் பெயர்ச்சொல்மேல் விரல் வையுங்கள். விரல் வைக்க இடம் இல்லை என்றால் பிழை. இரண்டு இடம் இருந்தாலும் பெரும்பாலும் பிழை. “தி ஷாப் ரெய்ஸ்ட் இட்ஸ் ப்ரைசஸ், விச் ஆங்கர்ட் தி கஸ்டமர்ஸ்” என்பதில் கோபமூட்டியது விலையை உயர்த்திய செயல். “விச்” அருகில் நிற்பதோ “ப்ரைசஸ்”. ஜி-மேட் அதை ஏற்காது.

தடுமாற்றம்: பிழையே தெரியவில்லை, ஆனாலும் “நோ எரர்” (பிழை இல்லை) என்ற விடையைக் குறிக்கப் பயமாக இருக்கிறது

இந்தப் பயம் நியாயமானது. தேர்வு வைப்பவர்களையே இது ஒருமுறை சிக்கவைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2002 அக்டோபரில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பி.எஸ்.ஏ.டி. தேர்வில் எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. மாரிசனுடைய மேதைமை “ஹர்”ரை, அதாவது அவரை, நாவல்கள் படைக்க வைக்கிறது என்ற அமைப்பு. விடை, “நோ எரர்”. மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் அதை மறுத்தார். வாக்கியத்தில் இருப்பது “மாரிசனுடைய” என்ற உடைமை வடிவம் மட்டுமே, “ஹர்” சுட்டுவதற்கு “மாரிசன்” என்ற பெயர் தனியாக எங்கும் இல்லை என்பது அவர் வாதம். சில இலக்கணக் கையேடுகள் அப்படி ஒரு விதியைச் சொல்லித்தான் வந்தன. தேர்வை நடத்திய அமைப்பு முதலில் ஏற்கவில்லை, கடைசியில் 2003இல் அந்தக் கேள்வியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது. நல்ல எழுத்தாளர்கள் காலங்காலமாக அப்படி எழுதி வருகிறார்கள், அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்பதுதான் என் எண்ணம்.

அதனால் “நோ எரர்” பக்கம் போவதற்கு முன் ஒவ்வொரு ப்ரோனவுனிடமும் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். நீ யாரைச் சுட்டுகிறாய்? ஒருமையா, பன்மையா? நான், என்னை, என் என்பதில் எந்த இடத்தில் நிற்கிறாய்? மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் ப்ரோனவுனை விட்டுவிட்டு வினையையும் காலத்தையும் பாருங்கள். அங்கேயும் எதுவும் இல்லையென்றால் தைரியமாகக் குறியுங்கள். எஸ்.எஸ்.சி. தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டதும் கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்க வழி வைத்திருக்கிறது. நீங்கள் சரி என்று உறுதியாக நம்பும் கேள்வி அதில் வேறு விடையோடு வந்தால், காரணத்தை இரண்டு வரியில் எழுதி, கடைசி நாளுக்குள் அனுப்பிவிடுங்கள்.